சிலுவையடியில் ஒரு பொங்கற்பானை

தென்காசிச் சீமைக் கதை – 17

தை பிறக்கும்போது தென்காசிப் பக்கத்தில் நெல் அறுத்திருக்க மாட்டார்கள். நாடு முழுக்கப் பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறோம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது பொருந்தும், சம்பா களத்துக்கு வரும் நேரம். சிற்றாற்றுப் பாசனத்தின் கணக்கு வேறு. குற்றாலத்தில் சாரல் கட்டினால் ஆனியில் கார் நடவு. புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. பிறகு வடகிழக்கு மழையை நம்பிப் பிசானம்; அது மாசி, பங்குனியில்தான் அரிவாளுக்கு வரும். தை முதல் நாளில் பிசானப் பயிர் பொதி கட்டியோ பால் பிடித்தோ வயலில் நின்றுகொண்டிருக்கும். பொங்கலுக்கு உலையேறியது அந்தக் காலத்தில் பெரும்பாலும் குலுக்கையில் கிடந்த கார் நெல்லின் அரிசிதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக் கத்தோலிக்கர்களின் அறுப்பு நன்றித் திருநாள் எது என்று கேட்டால் நாட்காட்டியில் ஒரு கட்டத்தைக் காட்டிவிட முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் மேற்குக் கடற்கரையில் இந்தச் சிக்கல் இல்லை. மங்களூர்க் கத்தோலிக்கர்களிடம் கேட்டால் யோசிக்காமல் செப்டம்பர் 8 என்பார்கள். மாதாவின் பிறந்தநாள். அதற்கு முந்தைய ஒன்பது நாளும் பிள்ளைகள் தட்டுத் தட்டாகப் பூக்கொண்டு வந்து குழந்தை மரியாளின் சுரூபத்துக்குப் போடுவார்கள். எட்டாம் தேதி புது நெற்கதிரைக் கோயிலில் மந்திரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். அந்தக் கதிரின் மணியை உரித்துப் பொடித்துப் பாலிலோ பாயசத்திலோ கலந்து, வீட்டுப் பெரியவர் கையால் எல்லாருக்கும் ஒரு வாய் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. மீனில்லாமல் சோறிறங்காத அந்தச் சனம் அன்றைக்கு மட்டும் முழுச் சைவம்! மோந்தி பெஸ்த் என்று அதற்குப் பெயர். 1763இல் பரங்கிப்பேட்டையில் (கடலூர்ப் பக்கத்து ஊரல்ல, மங்களூரை ஒட்டி நேத்ராவதிக் கரையில் இருக்கும் பரங்கிப்பேட்டை) ஜோக்கிம் மிராண்டா என்ற கோவைப் பாதிரியார் தொடங்கி வைத்ததாக அவர்களுடைய மரபு. கோவை என்றால் இங்கே கோவா. கோவாவில் ஊருக்கு ஊர் ஆகஸ்டில் கதிர்த் திருநாள். பம்பாயின் பழங்குடிக் கத்தோலிக்கர்களுக்கு அக்டோபரில்.

ஜூன் மழையில் நட்ட நெல் மேற்குக் கரையில் ஆகஸ்ட், செப்டம்பரில் முற்றிவிடும். மாதா திருநாள் அந்த நேரத்தில் வாகாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதே செப்டம்பர் 8இல் நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். வயலில் கார் நெல் அப்போதுதான் தலை சாய்க்கத் தொடங்கியிருக்கும். மலை ஒன்று, அதில் விழும் மழையும் ஒன்று. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் திருநாளின் தேதி மாறிவிடுகிறது.

தென்காசி ஊர்க்கோயில் மிக்கேல் அதிதூதருடையது. அவருக்குத் திருநாள் செப்டம்பர் 29. இங்கிலாந்தில் அந்த நாள் ஒரு காலத்தில் விவசாயக் கணக்கு முடிக்கும் நாளாக இருந்தது: அறுப்பு முடிந்து குத்தகை செலுத்துவது, பண்ணையாளுக்குப் புது ஒப்பந்தம் போடுவது எல்லாம் அன்றைக்கு. நம்மூரில் அது கார் அறுப்பின் வாசல். இரண்டும் ஒத்துப்போனது தற்செயல்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் சம்சாரியின் கையில் காசு புழங்குகிற நேரத்தில் கொடியேறுகிற திருவிழாவுக்கும், கடன் வாங்கிக் கொண்டாட வேண்டிய திருவிழாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊரில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனிப் பொங்கலுக்கு வருவோம். கோயில் முற்றத்தில் பொங்கலிடுவது ஏதோ ஐம்பது வருஷத்துப் புதுமை என்று பலரும் நம்புகிறார்கள், கத்தோலிக்கர்களும்கூட. விஷயம் அதைவிட முந்நூற்றைம்பது வருஷம் பழையது.

இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார். அதுவரை கடற்கரையில் ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பரங்கி மார்க்கத்தார் என்று உள்நாட்டார் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மனம் திரும்புகிறவர் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார் நொபிலி. இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்று, தை மாதத்தில் அவர் செய்தது. புதுக் கிறிஸ்தவர்களிடம் பொங்கலை விடச் சொல்லவில்லை. ஒரு சிலுவையை நட்டு, அதன் அடியில் புத்தரிசியும் பாலும் பொங்கச் சொன்னார். பானை அதேதான், அடுப்பும் அரிசியும் அவைதான். எதன் முன்னால் பொங்குகிறது என்பது மட்டும் மாறியது.

கோவாவில் இருந்த மேலிடத்துக்கு இது பொறுக்கவில்லை. 1619இல் அங்கே பெரிய விசாரணைக் கூட்டமே நடந்தது. நொபிலி தம் பக்கத்து நியாயங்களை லத்தீனில் ஒரு நூலாக எழுதினார். அவர் காட்டிய சாட்சி இந்தியாவைச் சேர்ந்ததல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்தினுடையது. 601ஆம் ஆண்டு முதலாம் கிரகோரி பாப்பரசர், ஆங்கிலேயரை மனம் திருப்பப் போயிருந்த குருமாருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அவர்கள் கும்பிட்ட கோயில்களை இடிக்காதீர்கள், விக்கிரகத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளியுங்கள், மாடு அடித்து விருந்து வைக்கும் வழக்கத்தை நிறுத்தாதீர்கள், கோயிலைச் சுற்றிக் குழைகளால் பந்தல் போட்டு அதே விருந்தைக் கடவுள் பெயரால் நடத்தச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரரின் பாட்டனாருக்குத் தந்த சலுகையைத் தமிழனுக்கு ஏன் மறுக்கிறீர்கள் என்று நொபிலி நேரடியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. 1623 ஜனவரி 31ஆம் தேதி பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்து ஆணையிட்டார்.

நொபிலியை வானளாவப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சடங்கை விட்டுக்கொடுத்தபோது சாதியையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தார். உயர்சாதியாருக்குச் சந்நியாசிக் குருக்கள், மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரசாமிகள் என்று குருமாரே இரண்டு வகையானார்கள். ஓரியூரில் 1693இல் தலை கொடுத்த அருளானந்தர் அந்தப் பண்டாரசாமிகளில் ஒருவர். பொங்கற்பானை சிலுவையடிக்கு வந்துவிட்டது. அந்தச் சிலுவையைச் சுற்றி எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று நொபிலியின் திட்டம் கேட்கவில்லை.

வீரமாமுனிவர் 1711இல் தமிழ்நாட்டுக்குள் கால் வைத்தபோது நொபிலியின் மதுரை மிஷன் காமநாயக்கன்பட்டி, கயத்தாறு, குருக்கள்பட்டி என்று கரிசல் காட்டில் வேர் பிடித்திருந்தது. குருக்கள்பட்டி இன்றைய தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிறது. 1714–15 வாக்கில் அங்கேதான் முனிவர் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார். தேம்பாவணி பாடியவர் இந்தச் சீமையில் உயிர் விட்டிருந்தால் தமிழ் எவ்வளவு இழந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதற்குள் ரோமில் காற்று மாறியிருந்தது. 1703இல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கிய தூர்னோன் என்பவர் சில மாதங்கள் அங்கே தங்கி, உள்நாட்டுக்குள் வராமலே, 1704இல் 16 தடைகளை அறிவித்தார். கலியாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கட்டக் கூடாது, கிறிஸ்தவ மேளக்காரர் பிற மதத் திருவிழாக்களில் வாசிக்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குக் குரு போய் நோயில்பூசுதல் கொடுக்க மறுக்கக் கூடாது என்ற தடையும் அதில் உண்டு. அந்த ஒன்றுக்காக மட்டும் தூர்னோனை நான் மன்னிப்பேன். நாற்பது ஆண்டுச் சச்சரவுக்குப் பின் 1744 செப்டம்பர் 12இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் கடைசி முடிவைச் சொன்னார். அதன் பிறகு இங்கே வருகிற ஒவ்வொரு குருவும் அந்தச் சடங்குகளை அனுமதிப்பதில்லை என்று சத்தியம் செய்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்தச் சத்தியம் 1940 வரை நீடித்தது.

தை முதல் நாளில் ஒரு கிறிஸ்தவ வீட்டு முற்றத்தில் என்ன பொங்கியது என்பதை ரோம் எப்படிப் பார்த்திருக்கும்? குருவானவர் ஓர் ஊருக்கு வருஷத்தில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்து, குழந்தைக்கு ஆபத்து ஞானஸ்நானம் கொடுத்து, செத்தவரை அடக்கம் செய்து ஊரை நடத்தியவர் உபதேசியார். அவரும் ஒரு சம்சாரி. 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. பிரெஞ்சு இயேசு சபையார் புது மதுரை மிஷன் என்று திரும்பி வர 1830களின் கடைசி ஆகிவிட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் பல ஊர்களில் விசுவாசம் நின்றது உபதேசியார் தயவில். ஆணை புத்தகத்தில் இருந்தது, பானை அடுப்பில் இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. 1969 ஏப்ரல் 25இல் ரோம் இந்தியத் திருச்சபைக்கு 12 அம்சங்களில் அனுமதி கொடுத்தது: தரையில் சம்மணமிட்டு உட்காரலாம், கைகூப்பி வணங்கலாம், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். பொங்கல் நாளில் கோயில் முற்றத்தில் பானை வைத்துத் திருப்பலி நிறைவேற்றும் வழக்கம் இதற்குப் பின்னால் ஊர் ஊராகப் பரவியது. எல்லாப் புகழையும் வத்திக்கானுக்கே கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே தமிழறிஞர்களும் திராவிட இயக்கமும் பொங்கலை எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத தமிழர் திருநாளாக முழங்கி வந்திருந்தார்கள். 1967இல் அந்தக் குரல் ஆட்சிக்கும் வந்தது. தமிழனாகப் பொங்கல் வைக்கிறேன் என்று சொல்ல முடிந்த பிறகு, கிறிஸ்தவன் பொங்கல் வைக்கலாமா என்ற பழைய கேள்விக்குச் சூடு குறைந்துவிட்டது. 1973இல் பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவாகித் தென்காசி அதன் கீழ் வந்தபோது இந்த விவாதமே முடிந்து போயிருந்தது.

இன்றைக்குத் தென்காசிப் பக்கத்தில் ஏதாவதொரு கோயிலுக்குத் தை முதல் நாள் விடியற்காலையில் போனால் இதைப் பார்க்கலாம். அன்பியத்துக்கு, அதாவது பங்கின் அண்டை வீட்டுக் குழுவுக்கு, ஓர் அடுப்பு. அடுப்பு என்றால் மூன்று பொங்கக்கட்டி: களிமண்ணில் செய்து காயவைத்து, வெள்ளையும் காவியும் அடித்தது. எரிக்கப் பனையோலை, விறகைவிட அது சடசடவென்று பிடிக்கும், ஆனால் ஓர் ஆள் பக்கத்திலேயே குந்தித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பானைக் கழுத்தில் மஞ்சள் குலை. நெற்றியில் சுண்ணாம்பால் போட்ட சிலுவை, புகையேறப் புகையேறப் பழுப்பாகிக்கொண்டே வரும். கோயில்பிள்ளை ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். சாமி பிரசங்கத்தை நீட்டினால் ஆபத்து. பூசைக்கும் பொங்கலுக்கும் நேரம் ஒத்துப் போவது அபூர்வம். "சாமி முடிக்கிறதுக்குள்ள நம்ம பானை பொங்கிரும் போலயே மைனி, ஓலைய வெளிய இழுங்க" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கும். எந்தப் பானை முதலில் பொங்குகிறதோ அந்த அன்பியத்துப் பெண்கள் குலவையிடுவார்கள். மற்றவர்கள் தங்கள் அடுப்பில் இன்னும் இரண்டு ஓலையைத் தள்ளுவார்கள்.

காணிக்கைப் பவனியில் வருகிற தட்டுகளைக் கவனித்தால் மண்ணின் கதை தெரியும். கரும்பு எல்லா ஊரிலும் உண்டு. சிறுகிழங்கும் பனங்கிழங்கும் நெல்லைச் சீமைப் பொங்கலுக்கே உரியவை. அவையில்லாத தட்டைக் கிழவிகள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். புளியங்குடிப் பக்கமென்றால் எலுமிச்சை. பாவூர்சத்திரம் பக்கமென்றால் சந்தைக்குப் போகிற கத்தரியும் வெண்டையும் தக்காளியும். நெற்கதிர் இருக்கும், ஆனால் பச்சையாக. மந்திரிப்புக்கென்று நாலு கதிர் பறித்து வந்திருப்பார்கள். முதல் பத்தியில் சொன்னதுதான் காரணம்.

மாட்டுப் பொங்கலுக்கும் ஒரு புனிதர் கிடைத்தார். வனத்து அந்தோணியார், எகிப்துப் பாலைவனத்துத் தவசி. ஐரோப்பாவில் கால்நடைகளுக்குப் பாதுகாவலர் அவர்தான். ஜனவரி 17இல் ரோம் நகரிலும் ஆடுமாடு, குதிரை, நாய் என்று கொண்டுவந்து மந்திரித்துப் போவார்கள். அந்தத் தேதி நம் மாட்டுப் பொங்கலுக்கு ஒட்டி வருகிறது. திண்டுக்கல் பக்கம் கொசவபட்டியில் அந்தோணியார் கோயில் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டே நடக்கிறது. ஆனால் இது ஆதி முதல் இருந்த பொருத்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஏறத்தாழ எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பொங்கல் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. நொபிலி காலத்தில் தை முதல் நாள் ஜனவரி 9, 10 வாக்கில் வந்தது. அந்தோணியார் அப்போது ஒரு வாரம் பின்னால் நின்றார். மாடுகள்தான் மெல்ல நடந்து அவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். சுரண்டை, நல்லூர் வட்டாரத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று தனியாகவே ஒன்று உண்டு. சீர்திருத்தச் சபை மிஷனரிகள் பொங்கலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆங்கிலிக்க அறுப்புப் பண்டிகை அவர்கள் நாட்டிலேயே அவ்வளவு பழையதல்ல. 1843இல் கார்ன்வால் கடற்கரையில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் புது மாவு ரொட்டியில் நற்கருணை கொடுத்துத் தொடங்கிய வழக்கம் அது. நெல்லைக்கு வந்ததும் கோதுமை ரொட்டி நெல்லுக்கு வழிவிட்டது. வாழைத்தாரும் பூசணியும் சேவலும் பீடத்தின் முன் குவிந்தன. ஆராதனை முடிந்து ஏலம். ஐம்பது ரூபாய்ப் பூசணி ஐந்நூறைத் தாண்டும், மூன்று தரம் சொன்ன பிறகு எடுத்தவர் பெண்சாதி தலையில் அடித்துக்கொள்வார். காசு நெல் விற்ற பிறகு கொடுத்தால் போதும். ஏலம் இன்று இரண்டு சபைக்கும் பொது. ஒருவர் பொங்கலை உள்ளே கொண்டுவரப் போராடினார், இன்னொருவர் அதை வெளியே வைக்கப் போராடினார். இரு வீட்டுப் பூசணிக்காயும் கடைசியில் ஒரே மாதிரிதான் ஏலம் போகிறது.

கார் சாகுபடி இப்போது வருஷா வருஷம் உறுதியில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழாத ஆண்டில் நாற்றுப் பாவுவதே இல்லை. மிக்கேல் திருவிழாவில் நெல் வாசனை இருக்காது. பிசானம் அறுக்க இயந்திரம் வருகிறது. ஒரே பகலில் வயல் வெறிச்சோடி, நெல் கொள்முதல் நிலையத்துக்கு நேராகப் போய்விடுகிறது. களமும் இல்லை, சூடடிப்பும் இல்லை. வேளைக்கு ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போட்டு வைத்த பிடியரிசி வழக்கமும் பல வீடுகளில் நின்றுவிட்டது. பொங்கல் பச்சரிசி கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது.

அசனம் மட்டும் பெருத்துக்கொண்டே வருகிறது. கோயில் திருவிழாவின் முடிவில் ஊர் கூடி உண்ணும் சோறு. வீடு வீடாக அரிசி வரும். நேர்ச்சைக் கிடாய் வரும். முந்தின ராத்திரியே கோயில் வளவில் கோட்டை அடுப்பு வெட்டிப் பெரிய கொப்பரைகளை ஏற்றுவார்கள். வடித்த சோற்றைப் புதுப் பாயில் மலையாகக் கொட்டி, சாமி மந்திரித்ததும் பந்தி தொடங்கும். மதம் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. உட்கார்ந்து உண்டது போக, தூக்குச் சட்டியில் வாங்கிக்கொண்டும் போவார்கள். மந்திரித்த சோறு வீட்டில் நோயாளிக்கு ஒரு வாய் போக வேண்டும். என் கணக்கில் இந்த வட்டாரத்தின் உண்மையான அறுப்பு நன்றித் திருநாள் இதுதான். பொங்கலில் ஒவ்வொரு பானைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அசனத்தில் யார் வீட்டு அரிசி யார் இலையில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நொபிலி கேட்காமல் விட்ட அந்த ஒரே பந்திக்கு வந்து சேர இந்தச் சீமைக்கு அவ்வளவு எளிதாக வழி கிடைத்துவிடவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கால்கள். ஒன்றில் பிள்ளைமார், மற்றொன்றில் நாடார், நடுவே சுவர். இரண்டு கால்களும் சேருகிற இடத்தில் பீடம். ஒரு சாமி, ஒரு பூசை, இரண்டு சபை. கௌசானல் சாமியார் 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)